சிரட்டையில் ஒன்பது

ராணி போன பெட்டி எப்படி இரையும் என்று கேட்டிருக்கிறீர்களா? ராணி இருக்கிற தேன்பெட்டியின் பக்கப் பலகையில் விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தால், உள்ளே 'உஸ்' என்று ஒரு சத்தம் எழும்பி அப்படியே அடங்கிவிடும். வீட்டில் ஆள் இருக்கிறது, யாரது என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிற மாதிரி. ராணி போன பெட்டி அடங்காது. தொடங்கின சத்தம் இழுத்துக்கொண்டே போகும், சாவு வீட்டில் ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி எடுக்கிற மாதிரி. விஜிலா மூன்று தரம் தட்டினாள். மூன்று தரமும் இழுத்தது. மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து புருஷன் பெனட் சிரித்துக்கொண்டே சொன்னபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தன் காதால் கேட்கிறவரைக்கும் மனசின் ஒரு ஓரம் 'இருக்காது, இருக்காது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்த ஓரமும் வாயை மூடிக்கொண்டது. "உன் ஏழாம் பெட்டியிலே ராணி அறை ஒம்பது வச்சிருந்துது பிளே. ஒண்ணு விடாம சீவிப் போட்டேன். இனி கூட்டம் பிரிஞ்சு போவாது, பயப்படாதே" என்றான். ஒன்று விடாமல். பயப்படாதே. அவள், தடுப்பூசி போட்ட காலை உதைத்து அழுத அபிஷாவை மடியில் தட்டிக்கொண்டே, எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். பதினொண்ணு இருக்கும் என்றான். பதினொன்று. ஊசி போட்டுவிட்டுத் திரும்பியபோதே பக்கத்து வீட்டு லீலாபாய் சித்தி வாசலில் நிறுத்திச் சொல்லியிருந்தாள், "பத்து மணிக்கு வெயில் தெளிஞ்ச உடனே கார்மேகம் போல ஒரு கூட்டம் ஓடைக்கு மேலே போச்சு பிளே. உன் ஈயா இருக்காதுன்னு நெனச்சேன்." ஈயின் முதுகில் பெயரா எழுதியிருக்கிறது, இது என் ஈ, இது ஊரான் ஈ என்று பார்த்து நினைப்பதற்கு! பத்து மணிக்குக் கிழட்டு ராணி பாதி ஈயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பதினொரு மணிக்கு இந்த மனுஷன் வந்து, போனவளுக்குப் பதிலாக வரவேண்டிய ஒன்பது பேரையும் பிறக்கும் முன்னால் சீவிப்போட்டுவிட்டு, போகாது பயப்படாதே என்கிறான்.

பிள்ளை காய்ச்சலில் அசந்து தூங்க நாலு மணி ஆனது. சித்தியைப் பக்கத்தில் உட்கார்த்திவிட்டு, முகவலையைப் போட்டுக்கொண்டு, புகைப்பானில் தேங்காய் நாரைத் திணித்துப் பற்றவைத்து வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏறியபோது, மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டின ரப்பர் மரங்களெல்லாம் வரிசையாக நின்று அவளையே பார்ப்பது போல இருந்தது. பாருங்கள், நன்றாகப் பாருங்கள். தோட்டத்தின் அந்தக் கோடியில், ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில், உருளை கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அவன்தான். நாலு நாள் மழைக்குப் பிறகு இன்றைக்குத்தான் பால் வெட்டியிருக்கிறான், சந்தோஷம், சீழ்க்கை வேறே அடிக்கிறான். பெட்டியின் தகரக் கூரைமேல் ஒரு சிரட்டை இருந்தது. பால் பிடிக்கிற சிரட்டை. அதில் அந்த ஒன்பதையும் அடுக்கி வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தான், எண்ணிப் பார்த்துக்கொள் என்று. எண்ணிப் பார்க்க அது நெல்லிக்காயா? அவள் சிரட்டையைப் பார்க்கவில்லை. கூரையைத் தூக்கும்போது அதை அப்படியே சாயாமல் எடுத்துப் பக்கத்தில் எட்டாம் பெட்டியின் மேல் வைத்தாள், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு. சாயாமல் எடுத்ததற்கே அவளுக்கு அவள்மேல் கோபம் வந்தது. எறிந்திருக்க வேண்டும். ஷீட் கொட்டகையைப் பார்த்து எறிந்திருக்க வேண்டும். முதல் தேனடைச் சட்டத்தை எடுத்தாள். தேன், ஓரத்தில் மகரந்தம், ஒரு புழுகூட இல்லை. இரண்டாம் சட்டம். மூடின அறைகள், உள்ளே பொரிக்கக் காத்திருக்கிற வேலைக்கார ஈக்கள். அடையின் கீழ்விளிம்பில் நிலக்கடலைபோலத் தொங்கிக்கொண்டிருந்த ராணி அறைகள் இருந்த இடத்தில் இப்போது மழமழவென்று மெழுகுத் தழும்பு. என்ன நேர்த்தி! மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் காகிதக் கனத்தில் சீவுகிற கை அது. தோட்டக்காரர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற கை. அந்தக் கையால், அந்தக் கத்தியால். நல்லதுக்குத்தானே செய்தேன் என்பான். இன்னும் சொல்லவில்லை, ஆனால் சொல்வான். அந்தச் சொல் அவன் வாயில் எப்போதும் ஊறவைத்துத் தயாராக இருக்கும்.

வேண்டியது ஒரே ஒரு முட்டை. அதைத்தான் அவள் தேடுகிறாள். ஓர் அறையின் அடியில் ரவைத் துண்டுபோல ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு முட்டை, இல்லாவிட்டால் நேற்றோ இன்றோ பொரிந்த ஒரு பொடிப்புழு கிடைத்தால் போதும், ஈக்களே அதற்கு ராணிப்பாலைக் கொடுத்து அதை ராணியாக்கிவிடும். இரண்டு மூன்று நாள் தாண்டி வளர்ந்த புழு ஆகாது. அதை என்ன ஊட்டினாலும் கூலிக்காரிதான். ஆனால் பிரிந்து போகப்போகிற ராணி, போவதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே முட்டையிடுவதை நிறுத்தி வயிற்றை ஒடுக்கிக்கொள்வாள், பறக்க வேண்டுமே. நாலு நாள் மழை வேறே அவளை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. இருந்தும் தேடினாள். முகவலைக்குள் மூச்சு அடித்தது, வியர்வை புருவத்தில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. வேறே பெட்டியென்றால் அவள் இப்படி நடுங்கமாட்டாள். மற்ற பெட்டிகள் போன வருஷத்து நோய்க்குப் பிறகு அங்கிருந்து இங்கிருந்து கொண்டுவந்தவை. போனால் போகட்டும், ஒரு நாள் முகம் வாடும், மறுநாள் சிரித்துவிடுவாள். ஏழாம் பெட்டி அப்படியா? பள்ளிக்கூடத்தின் உடைந்த தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்த கூட்டம் அது. அபிஷா வயிற்றில் ஏழு மாதம். மூங்கில் ஏணியில் ஏறி, வயிறு தொட்டிச் சுவரில் இடிக்க இடிக்க, ஒவ்வோர் அடையாக அறுத்து வாழைநாரால் சட்டத்தில் கட்டி இறக்கினாள். கீழே நின்று லீலாபாய் சித்தி "எடி, ஈ கொட்டினா வயித்துப்பிள்ளைக்கு நீர் கோர்க்கும்டீ, எறங்குடீ" என்று கத்திக்கொண்டே ஏணியை மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தாள். ஒன்றுகூடக் கொட்டவில்லை. அத்தனை சாது. ஏழு மாதம் என்பதால்தான் ஏழாம் நம்பர், இல்லாவிட்டால் அப்போது அவளிடம் இருந்ததே நாலு பெட்டி. போன மழைக்கு, பெட்டி ஒன்பதாகப் பெருகியிருந்தபோது, அந்த நோய் வந்தது. புழுக்கள் தண்ணீர் கோர்த்த பைபோல ஊதி, அறைக்குள் நிமிர்ந்தபடியே செத்துக் கிடந்தன. அவள் பச்சைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தாள், புளித்த நாற்றம் அடித்தது, மூடினாள். எட்டுப் பெட்டி போயிற்று. ஏழாம் பெட்டி மட்டும், செத்த புழுக்களைத் தானே இழுத்து இழுத்து வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போனது. அன்றைக்கு அவள் வைத்துக்கொண்ட எண்ணம் இது: அடுத்த பிரிகிற காலம் வரட்டும், இந்த ராணியின் மகள்கள்தான் இனி என் எல்லாப் பெட்டியிலும். ஒரு வருஷமாகக் காத்திருந்தாள், ஒரு வருஷம். மூன்று நாளைக்கு முன்னால் மழைக்கு இடையில் மூன்று புதுப் பெட்டி பிரித்து, வேறே ராணி கட்டிவிடக் கூடாதென்று மூடின அடை மட்டும் கொடுத்து, ராணி இல்லாமல் அனாதையாக வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் ஆளுக்கொரு ராணி அறை என்று சொல்லி வைத்த மாதிரி. அந்த மூன்றும் அதோ, மாமரத்தின் கீழே, அவை வேறே சத்தத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இன்னும் மூன்று வாரம் போனால் வேலைக்காரிகளே முட்டையிடத் தொடங்குவார்கள். அது பொரிந்தால் எல்லாம் ஆண் ஈ, தின்று தின்று பெட்டியை முடிக்கும். தை பிறந்து ரப்பர் தளிர்விட்டுத் தேன் இறங்கும்போது, எடுப்பதற்கு அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

மூன்றாம் சட்டம், இல்லை. நாலாம் சட்டத்தைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டினாள், அறைகளின் அடி தெரியவேண்டும். காலியாகப் பளபளத்தது, துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்போல. நேற்று ராத்திரி அவனிடம் சொன்னாளே, சொல்லத்தானே செய்தாள், ஏழாம் பெட்டியில் ராணி அறை முற்றிவிட்டது, நுனி பழுப்பாகிவிட்டது, நாளை மறுநாள் பார்க்கவேண்டும் என்று. 'ம்' என்றான். அந்த 'ம்' எந்த ம்? அவன் அப்பனுக்கும் இரண்டு பெட்டி இருந்ததாம் ஒரு காலத்தில். ராணி அறையைக் கண்டால் நுள்ளிப்போடு, கூட்டம் நிற்கும் என்பாராம். அந்த ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு இவன் வந்து பெட்டியைத் திறக்கிறான். திறந்தவன் ராணி இருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்க்க வேண்டாமா, பாதி ஈ குறைந்திருக்கிறதே என்று தோன்ற வேண்டாமா? முழுசாகச் சொல்லியிருக்கலாமோ, தொடாதீங்க என்று ஒரு வார்த்தை... இல்லை. ஏன் சொல்லவேண்டும்? அவன் பால்வெட்டுகிற மரத்தில் போய் இவள் ஒரு கீறு போட்டாளா இதுவரை? எந்த மரம் எவ்வளவு ஆழம் என்று அவன் இவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறானா, தொடாதே என்று? சொல்லாமலே தெரியும் இல்லையா? இது மட்டும் ஏன் எல்லாருக்கும் திறந்த பெட்டி? போன ஆவணியில் அந்த போன் வந்ததும் இப்படித்தான். ராணி வளர்க்கிற பயிற்சி, ஐந்து நாள், அவள் பேர் கொடுத்து ஆறு மாதம் காத்திருந்தது. வீட்டில் இருக்கிற ஒரு போன் அவன் சட்டைப் பையில்தான் இருக்கும். "கைக்குழந்தை வச்சிருக்கா, அவளால வரமுடியாது மேடம்" என்று இவன் தேன் ஒழுகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அவளுக்கு அது பத்து நாள் கழித்து, பயிற்சிக்குப் போய்வந்த ஒருத்தி "நீ ஏன்க்கா வரல்ல?" என்று சந்தையில் கேட்டபோது தெரிந்தது. அன்றைக்கும் நல்லதுக்குத்தான். பிள்ளையோடு பஸ்ஸில் அலைவாயே என்று பார்த்தேன், நல்லதுக்குத்தானே சொன்னேன் என்றான், முகத்தை அப்படி வைத்துக்கொண்டு. கெட்டதுக்குச் செய்கிறவன் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் படுக்கலாம். நல்லதுக்குச் செய்கிறவனை என்ன செய்ய? அவள் அன்றைக்குச் சிரித்துவிட்டாள். சிரித்துவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அது ஒரு வியாதி. ஐந்தாம் சட்டம். பெருத்த புழுக்கள், சுருண்டு, அறை நிறைய, வெள்ளை வெளேரென்று, ஐந்து நாள் வயசு. பிந்திவிட்டீர்கள் மக்களே. கீழே வீட்டில் அபிஷா அழுகிற சத்தம் ஒரு நொடி எழும்பி அடங்கியது. கேட்டதும் மாரில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது, சட்டம் பலகையில் இடித்தது, கையில் ஒரு ஈ கொட்டியது. ஏழாம் பெட்டி ஈ. முதல் தடவையாக. அதையும் அவன் கணக்கில்தான் எழுதவேண்டும்.

ஆறாம் சட்டம்தான் கடைசி. அதை எடுக்கும் முன்னால் சும்மா நின்றாள். எடுக்காதவரைக்கும் அதில் முட்டை இருக்கிறது. உருளைச் சத்தம் நின்றிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. எடுத்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். தேனும் மகரந்தமும். தேன் இருந்து என்ன, ஆள் இல்லாத வீட்டில் அரிசி மூட்டை. "மோளுக்குக் காய்ச்சல் விட்டா?" பின்னால் பெனட் நின்றான், இடுப்பில் பால்வெட்டுக் கத்தி, கையெல்லாம் காய்ந்த பால் தோலுரிந்து தொங்க. பத்தடி தள்ளியே நின்றான், முகவலை இல்லாவிட்டால் ஈக்குப் பயம். "ஒரு மாத்திரை குடுத்தேன்" என்றாள் திரும்பாமல். "எண்ணிப் பாத்தியா? ஒம்பது." அவள் சட்டத்தை மெல்ல உள்ளே இறக்கினாள். "என்ன பிளே, முகம் இப்பிடி இருக்கு? கொட்டினா?" "கூட்டம் பத்து மணிக்கே போயாச்சு." "போச்சா? எங்க போச்சு? இன்னா இருக்கே இத்தன ஈ!" "இது பாதி. ராணியைக் கூட்டிக்கிட்டு மத்த பாதி போயாச்சு. நீங்க சீவினது போறதுக்கு உள்ளதை இல்லை, இருக்கிறதுக்கு உள்ளதை." அவன் வாய் திறந்தது. அவளுக்குத் தெரியும் என்ன வரப்போகிறது என்று, அந்தச் சொல் அவன் நாக்கின் நுனிக்கு வந்து நின்றதைக்கூடப் பார்த்தாள். "நான் நல்ல..." "சொல்லாதீங்க." அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், அவளுக்கே பயமாக இருந்தது. "அந்த வார்த்தையை மட்டும் இன்னைக்குச் சொல்லாதீங்க. சொன்னா இந்தப் பெட்டியைத் தூக்கி உங்க தலையிலே கவுத்திருவேன். விளையாட்டு இல்லை." விளையாட்டில்லைதான். ஆறு சட்டமும் ஈயும் சேர்ந்து என்ன கனம் வரும், தூக்க முடியுமா, முடியும், ஏழு மாத வயிற்றோடு ஏணியில் தூக்கினவள். பெனட் கத்தியைக் கழற்றி மரத்தடியில் வைத்தான், ஏனென்று அவனுக்கே தெரியாதது போல. பிறகு, "அப்பன் அப்பிடித்தானே செய்வாரு" என்றான், பிள்ளைபோல. "அப்பாவுக்கு ரெண்டு பெட்டி. அதுவும் எப்பிடிப் போச்சுன்னு எப்பமாவது கேட்டீங்களா?" கேட்டதில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறான், முகத்தில் தெரிந்தது.

அப்போதுதான் அவள் சிரட்டையைப் பார்த்தாள். பார்க்கவேண்டும் என்றில்லை, அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பின கண் அதில் போய் விழுந்தது. பெட்டிக் கால்கள் நாலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்பதால் எறும்பு ஏறியிருக்கவில்லை. சிரட்டை பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் இருந்தது. தகரம் வெதுவெதுப்பாக இருந்தது, பொரிக்கிற கோழியின் அடிபோல. அவளுக்குள் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்தது. வேண்டாம், வேண்டாம், 'ஒன்றுக்காவது உயிர் இருக்கும்' என்று மறுபடி தொடங்காதே. கையுறை இல்லாத விரலால் ஒன்றை எடுத்தாள். நடுவிலே சீவியது, வெள்ளைப் பால் கசிந்து காய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு ராணியின் தலை, இளம்பழுப்புக் கண்கள் வந்துவிட்ட தலை, தனியாக. அவள் கோபம் அந்தத் தலையின் அளவுக்குச் சிறுத்து, ஊசிமுனையாகி, அதன்பிறகு எங்கே குத்துவதென்று தெரியாமல் நின்றது. ஐந்து இப்படிப் போயிற்று. மிச்சம் நாலு, அடிமெழுகோடு பெயர்ந்து வந்தவை, அந்தக் கைக்கும் நாலு இடத்தில் கத்தி கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது போல. ஆறாவதை விரல் நுனியில் பிடித்து, மரங்களுக்கு நடுவே சாய்ந்து வருகிற வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். கோழிமுட்டையை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது போலத்தான். மெழுகுக்குள் நிழல் தெரியும். நிழல் தெரிந்தது. அசையவில்லை. நூறு எண்ணினாள். அசையவில்லை. ஏழாவது விழுந்ததில் நசுங்கியிருந்தது. எட்டாவதை உருட்டியபோது, உள்ளே கழன்ற பொருள்போல நிழல் ஒரு பக்கமாகச் சரிந்து அங்கேயே கிடந்தது. "எடி, என்ன பாக்கிற?" "பேசாதீங்க." ஒன்பதாவது. நுனி பழுத்து, மெழுகை ஈக்கள் ஏற்கனவே சுரண்டியெடுத்து உள்ளே நெய்த நூற்கூடு தெரிகிற பருவம். வெயிலில் தூக்கினாள். நிழல். ஒன்று, இரண்டு, மூன்று. கை நடுங்குகிறதா நிழல் நடுங்குகிறதா? மூச்சை நிறுத்திப் பார்த்தாள். முழங்கையை மரத்தில் முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். பதினேழு, பதினெட்டு. நிழல் தலையைத் திருப்பியது. திரும்பி, உள்ளிருந்து சுவரை ஒரு தரம் தள்ளியது. அவள் விரலில் அது தெரிந்தது, ஏழாம் மாதத்தில் வயிற்றில் தெரிந்தது போலவே, தள்ளு என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு தள்ளு.

ஒன்று. நாலு பெட்டிக்கு ஒன்று. மனசு உடனே கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிட்டது, அது அவள் குணம்: இதை ஏழாம் பெட்டிக்கே வைக்கவேண்டும், நாளையோ மறுநாளோ வெளியே வருவாள், ஒரு வாரத்தில் பறந்துபோய் ஆண் ஈயோடு சேர்ந்து திரும்பவேண்டும், வழியில் இரட்டைவால் குருவி பிடிக்காமல் இருக்கவேண்டும், திரும்பினால் நாலாம் நாள் முட்டை. அந்த அனாதைப் பெட்டி மூன்றையும் பழைய பெட்டிகளோடு சேர்த்துவிட்டு, மார்கழிக் கடைசியில் இவள் முட்டையை வைத்து மறுபடி பிரிக்கலாம். முடியும். முடியாமலும் போகும். கோபம் போய்விட்டதா என்று தன்னைத் தொட்டுப் பார்த்தாள். போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, போகவும் வேண்டாம், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. இப்போது இரண்டாம் அடையின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு மெழுகை அறுத்து, அறையின் அடியை ஒட்டி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடவேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அதுவரைக்கும் இது குளிர்ந்துவிடக் கூடாது; வெயில் இறங்கிவிட்டது, காற்று ஓடையிலிருந்து ஈரமாக வருகிறது. எப்போதும் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள். இன்றைக்கு ரவிக்கை பாலில் நனைந்து சில்லென்று இருக்கிறது. அவள் பத்தடி நடந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"கையை நீட்டுங்க."

"எனக்குப் பயமா இருக்குடி. என் கை கரடு. பால் பிடிச்ச கை."

"சூடு இருக்கில்லா, அது போதும். ரெண்டையும் கூட்டுங்க. நுனி கீழே பாக்கணும், அமுக்கக் கூடாது, ஆட்டக் கூடாது."

அவன் இரண்டு கையையும் கூட்டினான், ஆலயத்தில் திருவிருந்து அப்பம் வாங்குகிறவன் போல. அவள் ஒன்பதாவதை அதற்குள் நிறுத்தி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். அவன் மூச்சுவிடாமல் நின்றான். சிறிது கழித்து அவன் கண்கள் பெரிதாயின. "விஜிலா, உள்ளே என்னமோ..." என்றான்.

"ஆமா. அவதான்." அவள் மரத்தடியில் அவன் வைத்த கத்தியை எடுக்கத் திரும்பினாள், நின்றாள், திரும்பி அவன் முகத்தை இன்றைக்கு முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். "நான் வந்து கேக்குற வரைக்கும் கையைத் திறக்காதீங்க. போன் அடிச்சாலும் எடுக்காதீங்க. என்னா?"